காலில் கம்பி குத்தினால் "டி.டி. போட்டாச்சா" என்று கேட்டால் போதுமா?

கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒருவருக்குக் கெண்டைக்காலில் கம்பி குத்திவிட்டால் சுற்றி நிற்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி எதுவாக இருக்கும்? "டி.டி. போட்டாச்சா?" மேஸ்திரி கேட்பார், சித்தாள் கேட்பார், டீ கொண்டுவந்த பையன்கூடக் கேட்பான். கேட்காத ஒரே ஆள், ஊசி போடக் கூட்டிப் போவதற்காக பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருப்பார்!

யோசித்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமில்லை. ஒரு தடுப்பூசியின் பெயர் படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசமில்லாமல் ஒரு மாநிலம் முழுக்கத் தெரிந்திருக்கிறது என்றால், அதன் பின்னால் கிராம சுகாதார செவிலியர்கள் பல வருடம் தெருத்தெருவாக நடந்த நடை இருக்கிறது. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது.

சிக்கல் எங்கே என்றால், கேள்வி அதோடு நின்றுவிடுகிறது. "போட்டாச்சு" என்று பதில் வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எது குத்தியது, எவ்வளவு ஆழம் போனது, முனை உடைந்து உள்ளே நிற்கிறதா, காயத்தைக் கழுவினார்களா... இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. சில ஊர்களில் டி.டி.க்கே "செப்டிக் ஊசி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் போட்டால் காயம் சீழ் பிடிக்காது என்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தப்பு. டி.டி. ஊசிக்கும் சீழுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தீ விபத்துக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு, கடையில் திருட்டுப் போனதும் அதே பாலிசியைக் காட்டி கிளெய்ம் கேட்கிற கதைதான் இது. பாலிசி உண்மையானது, பிரீமியமும் கட்டியாயிற்று. ஆனால் அது எந்த ஆபத்துக்கு எடுத்த பாலிசி என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை.

முதலில் இந்தக் காயத்தின் குணத்தைப் பார்த்துவிடலாம். கத்தியோ அரிவாளோ வெட்டினால் காயம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ரத்தம் கொட்டும், பார்ப்பவர் பதறுவார், உடனே ஆஸ்பத்திரி. ஆணி, முள், கம்பி, நாய்ப்பல் குத்தினால் வெளியே தெரிவது ஒரு மிளகு அளவு ஓட்டை. ரத்தமும் நாலு சொட்டோடு நின்றுவிடும். "சின்னக் காயம்தான்" என்று துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஆழத்தில் இரண்டு அங்குலம் போயிருக்கலாம். ஆணியில் ஒட்டியிருந்த மண், துரு, போட்டிருந்த பேன்ட்டின் நூல் எல்லாவற்றையும் அது உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கும். ரத்தம் அதிகம் வராததால் அந்த அழுக்கு வெளியேறவும் வழியில்லை. மேல்தோல் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடும். காற்றுப் புகாத அந்த ஆழம்தான் சில கிருமிகளுக்கு மிகவும் பிடித்த இடம்.

அதிலும் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே இருக்கிற பகுதிக்குத் தனிக் கஷ்டங்கள் உண்டு. முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே எலும்பு. கையால் தடவினாலே தெரியும், நடுவில் மெத்தை மாதிரி சதையே கிடையாது. அங்கே குத்தினால் நேரே எலும்பைத் தொட்டுவிடும். பின்பக்கம் கெண்டைக்கால் சதை. கீழ்க்காலின் தசைகள் மொத்தமாக ஒரே மூட்டையாக இல்லை, இறுக்கமான உறைகளுக்குள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. அந்த உறைகள் லேசில் விரிந்துகொடுக்காது. ஒரு கம்பி உள்ளே போய் ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டால், ரத்தம் வெளியே வராமல் அந்த அறைக்குள்ளேயே தேங்கி, அழுத்தம் ஏறி, தசைக்குப் போகிற ரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும். வெளியே பார்த்தால் அதே மிளகு அளவு ஓட்டைதான்! சதை கல் மாதிரி இறுகுவது, காயத்துக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத வலி, கால்விரலை நீட்டி மடக்கினால் உயிர் போகிற வலி, விரல்கள் மரத்துப்போவது... இவை தெரிந்தால் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கிற வேலையே கூடாது. சில மணி நேரத்துக்குள் அந்த உறையைக் கீறி அழுத்தத்தை இறக்காவிட்டால் தசை செத்துவிடும். இது அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் காத்திருக்க நேரமில்லை.

போதாக்குறைக்கு, ஊரில் கூராக இருக்கிற எல்லாமே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. வயலோரத்து முள்கம்பி வேலி, வெட்டிப் போட்ட சீமைக்கருவேலம், சென்ட்ரிங் பலகையில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி, மூங்கில் சாரத்துச் சிம்பு, தெருநாயின் வாய், எல்லாம்!

சரி, அந்த பாலிசி எதை கவர் செய்கிறது? டெட்டனஸ் என்கிற ஒரே ஒரு நோயை. அரசாங்க போஸ்டரில் "ரண ஜன்னி" என்று எழுதியிருப்பார்களே, அது. இதை உண்டாக்குகிற கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் வித்து மாதிரி வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். காற்றில்லாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்து, ஒரு நச்சைச் சுரக்கும். தசைகளைத் தளர்த்தச் சொல்லி நரம்பு அனுப்புகிற உத்தரவுகளை அந்த நச்சு தடுத்துவிடும். விளைவு, இறுகிய தசை இறுகியபடியே இருக்கும். முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு கழுத்து, முதுகு. உடம்பு வில்லாக வளையும். சின்னச் சத்தம்கூட இழுப்பைக் கொண்டுவரும். 1889 இல் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ ஷிபாசாபுரோ இந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அடுத்த வருடமே அவரும் எமில் வான் பெஹ்ரிங்கும் சேர்ந்து, நச்சை முறிக்கிற பொருள் ரத்தத்தில் உண்டாகிறது என்று நிரூபித்தார்கள். இன்றைய ஊசி, மருந்து எல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வரும் என்பது இன்னொரு பிரபலமான நம்பிக்கை. துருவுக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. துருப்பிடிக்கிற அளவுக்கு வெளியில் கிடந்த ஆணியில் மண்ணும் சாணமும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். பளபளவென்று இருக்கிற புது ஆணி தொழுவத்து மண்ணில் விழுந்து குத்தினாலும் வரும். தோட்டத்து ரோஜா முள்ளும் போதும்.

இந்த ஊசியில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், அது முன்கூட்டிக் கட்டவேண்டிய பிரீமியம் என்பது. கடை எரிந்துகொண்டிருக்கும்போது இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு போன் போட்டால் பாலிசி கிடைக்காதல்லவா? வாழ்நாளில் டெட்டனஸ் தடுப்பூசியே போடாத ஒருவருக்குக் காயம் பட்டபிறகு முதல் ஊசி போட்டால், அவர் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்புச் சக்தி தயாரிக்க இரண்டு வாரம் போல ஆகும். நோயோ 3 நாளிலிருந்து 21 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வார வாக்கில் தலைகாட்டிவிடும். பந்தயத்தில் கிருமி ஜெயித்துவிடும். அதனால்தான் அப்படிப்பட்டவருக்கு அழுக்கான, ஆழமான காயம் என்றால் தடுப்பூசியோடு சேர்த்து டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் என்கிற இன்னொரு ஊசியும் போடவேண்டும். அது ரெடிமேட் எதிர்ப்புச் சக்தி, உடனே வேலை செய்யும். மூலைக்கடையில் "ஒரு டி.டி. போடுங்க" என்று கேட்டு வாங்குகிறவருக்கு இந்த இரண்டாவது ஊசி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மறுபக்கம், சின்ன வயதிலிருந்து ஒழுங்காக எல்லாம் போட்டவருக்கு ஒவ்வொரு கீறலுக்கும் டி.டி. தேவையே இல்லை. பரவலாகப் பின்பற்றப்படும் விதி இது: அடிப்படை மூன்று ஊசிகளும் முடித்தவர் என்றால், சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று. குத்துக் காயம், அழுக்கான காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று. போன வருடம் போட்டவர் இந்த வருடம் முள் குத்தியதற்கு மறுபடி போட்டுக்கொள்வதால் லாபம் ஒன்றுமில்லை. அடிக்கடி போட்டால் கை வீங்கி வலிப்பதுதான் மிச்சம். "24 மணி நேரம் தாண்டிவிட்டதே, இனிமேல் போட்டு என்ன பயன்" என்று விட்டுவிடுவதும் தவறு. சீக்கிரம் போடுவது நல்லது, தாமதமானாலும் போடவேண்டும்.

இப்போது யாருடைய பாலிசி காலாவதியாகிக் கிடக்கிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தேசிய தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14 ஆவது வாரங்களில், பிறகு ஒன்றரை வயதுவாக்கில், 5 வயதுக்கு மேல், அப்புறம் 10 வயதிலும் 16 வயதிலும் ஊசி உண்டு. கர்ப்பிணிகளுக்கும் உண்டு. இதனால்தான் பச்சிளம் குழந்தைகளையும் பிரசவித்த தாய்மார்களையும் கொன்றுகொண்டிருந்த டெட்டனஸ், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015 இல் உறுதி செய்யப்பட்டது. 2019 முதல் வெறும் டி.டி.க்குப் பதிலாகத் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாக்கிற டி.டி. என்கிற ஊசி வந்துவிட்டது (முதலாவது டெட்டனஸ் டாக்சாய்டு, இரண்டாவது டெட்டனஸ்-டிப்தீரியா. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்வது!). எல்லாம் சரி. ஆனால் 16 வயதுக்குப் பிறகு ஆண்களுக்கு? அட்டவணையில் ஒன்றுமே இல்லை. சென்ட்ரிங் அடிக்கிற, வேலி போடுகிற, கழனியில் வெறுங்காலோடு நிற்கிற 40, 50 வயதுக்காரர்கள் அடிபட்டால்தான் ஊசியைப் பார்ப்பார்கள். அவர்களில் பலர் சின்ன வயதில் என்ன போட்டார்கள் என்பதற்குச் சீட்டும் கிடையாது, ஞாபகமும் கிடையாது.

பாலிசி கவர் செய்யாத பக்கத்துக்கு வருவோம். உண்மையில் குத்துக் காயத்தில் அதிகம் தொல்லை கொடுப்பது டெட்டனஸ் இல்லை. தோல்மேல் எப்போதும் குடியிருக்கிற சாதாரணக் கிருமிகள்தான் உள்ளே போய்ச் சீழ் வைக்கின்றன. அதைவிட முக்கியம், உள்ளே தங்கிவிட்ட பொருள். முள்ளின் முனை, மூங்கில் சிம்பு, துணி நூல். அது உள்ளே இருக்கும்வரை எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் காயம் ஆறாது. ஆறின மாதிரி இருக்கும், மறுபடி வீங்கும், உடைந்து ஒழுகும், மறுபடி மூடும். மாதக்கணக்கில் இப்படி இழுத்தடித்த காயங்கள் ஒரு துண்டு முள்ளை வெளியே எடுத்ததும் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

இங்கேதான் எக்ஸ்ரே பலரை ஏமாற்றுகிறது. "எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாச்சு, உள்ளே ஒண்ணுமில்லை" என்றால், இரும்பும் கல்லும் இல்லை என்று அர்த்தம். கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும் (தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியில்லை). ஆனால் முள்ளும் மரச்சிம்பும் பொதுவாகத் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கவேண்டும். கெண்டைக்காலில் முள் ஏறி மூன்று வாரமாகியும் வலி போகவில்லை என்று போகிறவர், "டாக்டர், குத்தினது முள்ளு" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. விவசாயிகள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைத் தொங்கவிட்டிருப்பார்கள். சின்ன இடுக்கியும் ஊசியும் சேர்ந்த இரும்புச் சாமான் அது. அம்மாக்கள் வளையலில் ஊக்கு மாட்டியிருப்பார்கள். முள் ஏறினால் வேலையை நிறுத்திவிட்டு அதே வரப்பில் உட்கார்ந்து, முனையோடு வந்துவிட்டதா என்று எடுத்த முள்ளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். "முழுசா வந்துருச்சா?" என்ற கேள்விதான் அப்போது முதல் கேள்வி. அது போய் "டி.டி. போட்டாச்சா" வந்துவிட்டது. இரண்டுமே வேண்டும் என்பதுதான் நியாயம். (அதற்காக அந்தத் துருப்பிடித்த ஊக்கையே இன்றும் பயன்படுத்தவேண்டும் என்பதில்லை. தோலுக்கு மேலாகத் தெரிகிற முள்ளைச் சுத்தமான இடுக்கியால் எடுக்கலாம். ஆழத்தில் இருப்பதைக் கிளறிக் கிளறித் தேடுவது டாக்டர் வேலை.)

எருக்கம்பால் வைத்தால் முள் தானாக வெளியே வரும் என்பார்கள். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும். வைத்த கையோடு கண்ணைத் தொட்டால் கண்ணுக்கே ஆபத்து. மஞ்சள் பொடியை எண்ணெயில் காய்ச்சிச் சூடாகக் காயத்தில் விடுவது, காபித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய்... இவை எல்லாம் ஒரே தவறைச் செய்கின்றன. திறந்திருக்கவேண்டிய சின்ன வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே இருப்பதைப் பார்க்கவும் முடியாமல் போகிறது.

முள் குத்தியதை அலட்சியம் செய்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மருத்துவப் புத்தகங்களிலேயே ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயர் இருக்கிறது. 1842 இல் மதுரையில் வேலை பார்த்த ஜான் கில் என்கிற ஆங்கிலேய மருத்துவர், கால் வீங்கி, பல இடங்களில் ஓட்டை விழுந்து, எலும்புவரை அரித்துப்போன நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிறகு அந்த நோய்க்கு "மதுரா ஃபுட்", அதாவது மதுரைக் கால் என்றே பெயர் ஆகிவிட்டது. 1860 இல் ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதற்கு மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். 1858 இல் வந்த புகழ்பெற்ற கிரேஸ் அனாடமி புத்தகத்துக்குப் படம் வரைந்தாரே, அவரேதான். மண்ணில் இருக்கிற சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் முள்ளோடு சேர்ந்து காலுக்குள் போய், மெதுவாக, வருடக்கணக்கில் வளர்கிற நோய் இது. பாதத்தில்தான் அதிகம், கீழ்க்காலிலும் வரும். ஆரம்பத்தில் வலியே அதிகம் இருக்காது. அதுதான் வில்லங்கம். ஒரு கட்டி, பிறகு ஓட்டைகள், அதிலிருந்து கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ ரவை மாதிரிக் குருணைகள் வரும். முற்றினால் காலை எடுக்கவேண்டி வரும். யானைக்கால் என்று நினைத்துக்கொண்டு பல வருடம் சும்மா இருப்பவர்களும் உண்டு, ஆனால் இது வேறு. உலக சுகாதார நிறுவனமே 2016 இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மதுரையில் எழுதப்பட்டு 174 வருடம் கழித்து!

அடுத்து நாய். தெருநாய் துரத்தினால் வாய் எட்டுகிற இடம் கெண்டைக்கால்தான். நாய்க்கடியும் குத்துக் காயம்தான், நான்கு ஆணி சேர்ந்து குத்தின மாதிரி. ஆனால் இங்கே ஆபத்து வேறு. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆகவே "டி.டி. போட்டாச்சு" என்று இங்கேயும் நிறுத்திக்கொள்பவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முதல் மருந்து குழாய்த் தண்ணீரும் சோப்பும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவவேண்டும். 15 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று குழாயடியில் நின்று பார்த்தால்தான் தெரியும், பெரும்பாலானவர்கள் ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கழுவுவது சடங்குக்காக இல்லை, அந்த வைரஸை அங்கேயே குறைக்கிற வழி. பிறகு தடுப்பூசி. தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள், தசையில் போடுகிற முறையில் 0, 3, 7, 14, 28. பல் தோலைத் துளைத்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். காயத்தை இறுகக் கட்டுவதும் உடனே தையல் போடுவதும் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கிறவர்களை என்ன சொல்வது?

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்ற பயத்தில் ஆஸ்பத்திரி பக்கமே போகாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் 2004 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது கையில்தான். அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது.

பாம்புக்கடி தனிக் கட்டுரைக்கான விஷயம். கீழ்க்காலில் குத்தின மாதிரி இரண்டு புள்ளிகள் இருந்தாலும் சரி, கட்டுவிரியன் கடித்தால் சில சமயம் அடையாளமே தெரியாது என்பதாலும் சரி, சந்தேகம் வந்தால் காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுதான் வழி. கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் திருக்கை முள் குத்தினால் மட்டும் ஒரு விசேஷமான முதலுதவி உண்டு. பொறுக்க முடிகிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும், அந்த விஷம் சூட்டில் கெட்டுவிடும் தன்மை உள்ளது. (வலியில் சூடு தெரியாது. அடிபடாத காலை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் வெந்துவிடும்.) அந்த முள்ளிலும் ரம்பப் பற்கள் உண்டு, உடைந்து உள்ளே தங்கும். பிறகு டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

சாதாரணமாக ஆணியோ முள்ளோ குத்தினால் என்ன செய்வது? பெரிதாக ஏதாவது குத்தி நின்றுகொண்டிருந்தால் பிடுங்கக்கூடாது. அதுதான் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் சுற்றித் துணி வைத்துக் கட்டி அப்படியே கூட்டிப் போகவேண்டும். சின்னது என்றால் எடுத்துவிட்டு, கொஞ்சம் ரத்தம் வந்தால் வரட்டும் என்று விட்டு, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவவேண்டும். எடுத்த பொருள் முழுசாக வந்ததா என்று பார்க்கவேண்டும். முடிந்தால் அதை ஒரு காகிதத்தில் மடித்து டாக்டரிடம் காட்டலாம். லேசாக ஒரு துணிக்கட்டு போதும், பிளாஸ்திரி போட்டுக் காற்றுப் புகாமல் மூடவேண்டாம். நுரைக்கிற மருந்தை ஊற்றி "பார், கிருமி சாகுது" என்று சந்தோஷப்படவும் வேண்டாம், அது நல்ல சதையையும் சேர்த்தே எரிக்கும்.

அதற்கப்புறம்தான் யாரும் செய்யாத வேலை வருகிறது. இரண்டு மூன்று நாள் தினமும் பார்ப்பது. சிவப்பு படர்கிறதா என்று தெரிய, சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆஸ்பத்திரி. செலவு மூன்று ரூபாய் பேனா! வலி குறையாமல் கூடுவது, சூடு, சீழ், காய்ச்சல், காலில் மேல்நோக்கி ஓடுகிற சிவப்புக் கோடு, தொடை இடுக்கில் நெறி கட்டுவது எல்லாம் அதே கணக்குதான். பாட்டிமார்கள் "நெறி கட்டிருக்கு, கால்ல எங்கயோ புண்ணு இருக்கு பாரு" என்று சொல்வது மருத்துவப்படியும் சரியான வார்த்தை.

சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு இந்த இரண்டு மூன்று நாள் சலுகைகூடக் கிடையாது. பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் ஏறினதே தெரியாது, வேட்டியில் ஈரம் பட்டபிறகுதான் புண் இருப்பது தெரியும். வலிக்கவில்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. தினமும் ராத்திரி வெளிச்சத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு பார்வை பார்ப்பது, மாத்திரை மாதிரியே அவர்கள் வைத்தியத்தில் ஒரு பகுதியாக இருக்கவேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் "கால்ல குத்திருச்சு, ஏதாவது குடுங்க" என்று கேட்டு இரண்டு ஆன்டிபயாட்டிக் கேப்சூலும் ஒரு வலி மாத்திரையும் வாங்குவது அடுத்த தலைவலி. எல்லாக் குத்துக் காயத்துக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. தேவைப்படுகிற காயத்துக்கு இரண்டு கேப்சூல் பத்தாது. வலி மாத்திரையோ, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிடும். சில கிளினிக்குகளில் நோயாளி காலை நீட்டுவதற்குள் கையில் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பேன்ட்டை மடித்துக் காயத்தைப் பார்க்காத வைத்தியத்துக்கு வாங்குகிற பணம் எந்தக் கணக்கில் சேர்த்தி?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்துப் பல மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். பத்திரிகைகளில் வந்த படங்களில் முள்ளுக்கு நடுவில் நின்றவர்கள் காலில் ரப்பர் செருப்பு. கட்டட வேலையிலும் அதே ரப்பர் செருப்பு, பல இடங்களில் அதுவும் இல்லை. தலைக்கு ஹெல்மெட் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்கிற கான்ட்ராக்டர்கூட முழங்கால் வரை வருகிற ஒரு ஜோடி கம்பூட் வாங்கச் சொன்னால் யோசிக்கிறார். ஒரு ஆள் பத்து நாள் வேலைக்கு வராமல் போனால் ஆகிற நஷ்டம் அந்த பூட்ஸ் விலையைத் தாண்டிவிடும். காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடம் படித்தவருக்கே தெரியும். ஆனால் நஷ்டம் அந்த ஆளுடைய தினக்கூலியில் விழுவதால் கான்ட்ராக்டரின் புத்தகத்தில் அது ஏறுவதே இல்லை.

டி.டி. போட்ட தேதியையாவது எழுதி வைக்கலாம். பைக் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும், போலீஸ் கேட்பார் என்பதால். கடைசியாக எப்போது டி.டி. போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால் "போன வருஷமோ, அதுக்கு முன்னாடியோ" என்று இழுப்பார்கள். வண்டி ஆர்.சி. புத்தகம் வைத்திருக்கிற அதே கவரில் ஒரு துண்டுச் சீட்டில் தேதியை எழுதிப் போட்டுவிட்டால் அடுத்த முறை கம்பி குத்தும்போது, ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும். மிச்ச நேரத்தைக் காயத்தைக் கழுவச் செலவழிக்கலாம்.